கண்ணாடி ரப்பரும் கார்த்திகை மழையும்



கார்த்திகை பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலைகளில் சுற்றுலா வேன்கள் பெருகிவிடும். ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி, கந்தர்வகோட்டை என எந்தப் பக்கம் போனாலும், முன்கண்ணாடியில் மாலை தொங்க, கூரையில் மூட்டை கட்டிச் சபரிமலைக்குக் கிளம்பும் வண்டி ஒன்றாவது கண்ணில் படும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் இதே நாட்களில்தான். வண்டி செங்கோட்டையைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொள்ளும். ஜன்னலோரம் உட்கார்ந்த சாமி துண்டைச் சுருட்டிக் கண்ணாடி ஓரத்தில் செருகுவார். கொஞ்ச நேரத்தில் துண்டு நனைந்து, இருக்கை நனைந்து, இருமுடி வைத்த இடமும் ஈரமாகிவிடும். ஓட்டுநரிடம் கேட்டால், "பீடிங் போயிடுச்சு சாமி, ஊருக்குப் போயி மாத்தணும்" என்பார். ஊருக்குத் திரும்பும்போது மழை விட்டிருக்கும். மாற்றும் எண்ணமும் அதோடு போய்விடும்.

இந்தப் பேச்சுக்குப் பொருள் அந்தப் பீடிங்தான். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், கதவு விளிம்பில் ஓடும் ரப்பர், கூரைத் திறப்புகளுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் ரப்பர் எல்லாம் இதில் அடக்கம். எஞ்சினுக்கும் டயருக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற வண்டிக்காரர்கள்கூட இந்த ரப்பரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் வண்டியின் பாடி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான்.

மோட்டார் வண்டிக்கும் இந்த மாவட்டத்துக்கும் உறவு பழையது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். தென்னிந்தியப் பேருந்துப் போக்குவரத்தின் தொடக்க அத்தியாயங்களில் அது ஒன்று. மழை வந்தால் பக்கவாட்டில் படுதாவை இறக்கிவிடும் பழக்கம் நம் பேருந்துகளில் வெகுகாலம் நீடித்தது. பிறகு தகர ஷட்டர் வந்தது, அதன்பின் நகரும் கண்ணாடி வந்தது. கண்ணாடி வந்த பிறகு ரப்பர் இல்லாமல் முடியாது. தகரமும் கண்ணாடியும் நேருக்கு நேர் உரசினால் கண்ணாடி உடையும், இடைவெளி விட்டால் தண்ணீர் வரும். இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுத்து அழுந்தி நிற்க ஒரு பொருள் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது மலாயா ஜப்பானியர் கைக்குப் போய், உலகமே ரப்பருக்குத் தவித்தது. அய்யங்காரின் நிறுவனம் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் தொழிலிலும் இறங்கியது. தேய்ந்த ரப்பரைக் கவனிக்கும் வேலை ஒரு பெருந்தொழிலாகவே இங்கே நடந்திருக்கிறது. அந்தக் கவனம் டயரோடு நின்றுவிட்டது என்பதுதான் குறை.

வேனோடு இனி கேரவனையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. வீட்டை வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் மேற்கே வேர்விட்டது. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் 1885-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியைச் செய்யச் சொல்லி வாங்கினார். பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவனாக அதைச் சொல்கிறார்கள். இங்கே கேரவன் என்றால் இன்றைக்கும் பலருக்கு நினைவில் வருவது படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் குளிர்சாதன வண்டிதான். அந்த நிலைமை மாறி வருகிறது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2023-ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, குடுமியான்மலை, கொடும்பாளூர், ஆவுடையார்கோயில் என்று இரண்டு நாள் தங்கிப் பார்க்க இந்த மாவட்டத்தில் இடங்களுக்குக் குறைவில்லை. கேரவன்கள் வரத்தான் போகின்றன. வேனில் ஜன்னல் ஒழுகினால் நனைவது இருக்கை. கேரவனில் ஒழுகினால் நனைவது படுக்கையும் பிளைவுட் அலமாரியும் மின் இணைப்பும்.

ரப்பர் ஏன் கெடுகிறது? "பழசாகிவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது காரணம் ஆகாது. மரத்திலிருந்து வடியும் பாலில் கிடைக்கும் இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். சார்லஸ் குட்இயர் 1839-இல் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, இழுத்தால் இழுபட்டு விட்டால் பழைய நிலைக்கு வரும் பொருளாக்கினார். ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் உள்ள ஓசோன் குறிபார்த்துத் தாக்குவது அவற்றைத்தான். தரைமட்டக் காற்றில் ஓசோன் இருப்பது பத்துக் கோடியில் சில பங்குதான். அந்தச் சிறு அளவே போதும். இதில் ஒரு விசேஷம் உண்டு. தளர்வாகக் கிடக்கும் ரப்பரை ஓசோன் அவ்வளவாக வெடிக்க வைப்பதில்லை. இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் வெடிக்க வைக்கிறது, அதுவும் இழுபடும் திசைக்குக் குறுக்காக. எந்த வேனையும் நிறுத்திப் பாருங்கள். ஜன்னல் ரப்பரின் நேர்ப்பகுதி நன்றாகவே இருக்கும். வளையும் மூலையில் மட்டும் வரிவரியாக வெடித்திருக்கும்.

ஓசோனோடு வெயிலும் சேர்கிறது. புற ஊதாக் கதிர் மேற்பரப்பை அரிக்கும். ரப்பரில் கரித்தூள் கலப்பதற்கு வலு ஒரு காரணம், இந்தக் கதிரை அது உறிஞ்சிக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம். பீடிங் கறுப்பாகவே இருப்பதன் பின்னணி இதுதான். வெப்பம் தன் பங்குக்கு எல்லா வேதிமாற்றத்தையும் விரட்டுகிறது. பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு கைக்கணக்கு. சித்திரை வைகாசியில் கூரைத் தகரத்தில் கை வைக்க முடியாத நம்மூரில், குளிர்நாட்டுக் கையேட்டில் சொல்லியிருக்கும் ஆயுளை ரப்பரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

புதுக்கோட்டையின் தரைக்கும் தனிக் குணம் உண்டு. செம்மண்ணும் செம்புறைக் கல்லும் நிறைந்த பூமி இது. அந்தச் செம்புழுதி நகரும் கண்ணாடியின் தடத்தில் போய்ப் படிகிறது. தடத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். புழுதி அவற்றை அடைத்துவிட்டால், முதல் மழையிலேயே தடம் தொட்டியாகி, நிரம்பி, உள்பக்கம் வழியும். பல வண்டிகளில் "ரப்பர் போச்சு" என்று சொல்லப்படும் ஒழுகலுக்குக் காரணம் இந்த அடைப்புதான். மெல்லிய கம்பியை விட்டுக் குத்திவிட்டால் செலவில்லாமல் தீரும். கிழக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போனால் உப்புக் காற்று. அது ரப்பரைவிட ரப்பருக்குள் மறைந்திருக்கும் தகர விளிம்பைத்தான் அதிகம் தின்னும்.

வண்டி ஓடினால்தான் தேயும் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக உண்டு. எஞ்சினுக்கு அது பொருந்தும், பீடிங்குக்குப் பொருந்தாது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது சுற்றுலா வண்டிகள் கோடை முழுக்கத் திறந்த வெளியில் நின்றன. ஒரே பக்கத்தில் வெயில் விழுந்தது. ஒரே நிலையில் அழுந்திக் கிடந்த கதவு ரப்பர் அப்படியே தட்டையாகிப்போனது. அழுந்திய ரப்பர் மறுபடி எழும்பாமல் போவதுதான் கதவு ரப்பரின் சாவு. அதில் வெடிப்பு எதுவும் இருக்காது. பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். வேலை மட்டும் செய்யாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காகிதத் துண்டு போதும். கதவு விளிம்பில் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்த வேண்டும், பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக வந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. கதவைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் ரப்பரைக் குறை சொல்வதற்கு முன் கீலைப் பார்க்க வேண்டும். கதவு தொங்கியிருக்கலாம்.

இனி இந்தப் பேச்சின் மையத்துக்கு வரலாம். வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். எஃப்.சி.க்குப் போகும் முன் டிங்கரிங், பெயிண்டிங் பார்ப்பது வழக்கம். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? கண்ணாடியைக் கழற்றினால் ஒரு நாள் கூடுதலாகும், உடைந்தால் நஷ்டம் என்று கண்ணாடியையும் ரப்பரையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரப்பர் ஓரத்தில் செய்தித்தாளை ஒட்டிப் பெயிண்ட் அடிக்கிறார்கள். சில வண்டிகளில் அதுவும் இல்லை, ரப்பர் மேலேயே பெயிண்ட் விழுகிறது. காய்ந்த பெயிண்ட் வளையாது, ரப்பர் வளையும். ஆகவே பெயிண்ட் வெடித்து, அந்த வெடிப்பு ரப்பருக்குள்ளும் இறங்குகிறது. இதைவிடக் கேடு உள்ளே நடக்கிறது. ரப்பரின் காடிக்குள், அதாவது அதன் நீளவாட்டுப் பள்ளத்துக்குள், புகுந்திருக்கும் தகர விளிம்பில் பெயிண்ட் படவே படாது. அங்கே ஏற்கெனவே துரு இருந்தால் அது மூடிவைக்கப்படுகிறது. வெளியே பளபளவென்று எஃப்.சி. வாங்கிய வண்டியின் ஜன்னல் அடியில் அடுத்த மழைக்காலத்திலேயே பெயிண்ட் குமிழ் விட்டு எழுவதற்கு இதுதான் காரணம்.

வரிசையை மாற்றினால் போதும். முதலில் கண்ணாடியும் ரப்பரும் கழல வேண்டும். விளிம்பில் துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். ஓட்டையாகியிருந்தால் தகரம் வெட்டி வைக்க வேண்டும். பிறகு பெயிண்ட், அது நன்றாகக் காய்ந்த பிறகு புது ரப்பர், கடைசியாகக் கண்ணாடி. ஒரு நாள் கூடும் என்பது உண்மைதான். ஆனால் டிங்கரிங் கூலியோடு ஒப்பிட்டால் பீடிங்கின் விலை பொருட்டே அல்ல.

ரப்பர் மாற்றுவது கைப்பக்குவம் கேட்கும் வேலை. பழைய ரப்பரிலிருந்து இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை, மூலையில் அல்லாமல் நசுங்காத இடத்தில் வெட்டிக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். கண்ணாடி ரப்பரின் குறுக்குவெட்டில் இரண்டு காடிகள் இருக்கும், ஒன்று கண்ணாடிக்கு, மற்றொன்று தகரத்துக்கு. இரண்டின் அகலமும் பொருந்த வேண்டும். நான்கு மில்லிமீட்டர் கண்ணாடிக்கு ஐந்து மில்லிமீட்டர் காடியுள்ள ரப்பரைப் போட்டுவிட்டு, இடைவெளியைப் பசையால் அடைப்பது வேலை ஆகாது. தென்னிந்தியப் பேருந்துகளுக்குப் பாடி கட்டுவதில் பெயர்பெற்ற கரூரில் பீடிங் வகை வகையாகக் கிடைக்கும். திருச்சிக் கடைகளிலும் பெரும்பாலான வேன்களுக்கு உரியவை உண்டு.

பட்டறையில் பொருத்தும் விதத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டுகிறார்கள். இழுத்து மாட்டக் கூடாது. மூன்று மீட்டர் சுற்றளவுக்கு மூன்று சென்டிமீட்டர் அதிகமாக வெட்டி, இரு முனைகளையும் நெருக்கித் தள்ளிச் சேர்க்க வேண்டும். இழுத்து மாட்டிய ரப்பர் சில மாதத்தில் சுருங்கி வாய் பிளக்கும், மூலைகளில் ஓசோனுக்கும் வழிவிடும். முனைகள் சேரும் இடம் மூலையில் வராமல் நேர்ப்பகுதியின் நடுவில் வர வேண்டும். அடுத்து, தகரத்துக்கு உரிய காடிக்குள் நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிலும் பதித்து, இரு நுனிகளையும் அடிப்பக்க நடுவில் தொங்கவிடுகிறார்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைத் திறப்பில் வைக்கிறார்கள். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் வண்டிக்குள் உட்கார்ந்து கயிற்றை மெல்ல இழுக்கிறார். கயிறு வெளிவர வெளிவர, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்பக்கம் ஏறி உட்காருகிறது. வெளியே அழுத்தும் கை கயிறு நகரும் இடத்தோடு கூடவே நகர வேண்டும். இருவரும் பேசிக்கொள்ளாமலே இதைச் செய்வார்கள். பழகிய ஜோடிக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

இதில் செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. வழுக்க வேண்டும் என்பதற்காக டீசலோ கிரீசோ தடவுவது ஒன்று. அந்த நேரத்துக்குச் சுலபமாக இருக்கும், ஆனால் ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவது மற்றொன்று. கடினப்படுத்திய கண்ணாடியின் நடுவில் அடித்தால்கூடச் சில சமயம் தாங்கும். விளிம்பில் ஒரு கீறல் பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகச் சிதறும்.

எந்த ரப்பர் என்ற கேள்விக்குப் பதில் இன்று தெளிவாகவே இருக்கிறது. இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். எத்திலீனையும் புரோபிலீனையும் கோத்துச் செய்வது அது. அதற்கு அடிப்படையான வினையூக்கி ஆய்வுக்காகக் கார்ல் சீக்லரும் ஜூலியோ நாட்டாவும் 1963-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. ஓசோனுக்குப் பிடி கிடைப்பதில்லை. வெயிலும் நூறு டிகிரிக்கு மேற்பட்ட சூடும் அதற்குப் பெரிய பொருட்டல்ல. பெட்ரோலும் எண்ணெயும் மட்டும் ஆகாது. கடையில் பளபளப்பாகவும் விலை மலிவாகவும் தொங்கும் பீடிங்கில் பல பி.வி.சி. வகையைச் சேர்ந்தவை. பி.வி.சி.யை மென்மையாக்கக் கலந்த பொருள் வெயிலில் மெல்ல வெளியேறிவிடும். அது போனதும் பட்டை சுருங்கி விறைத்து, முனைகளில் விரல் அகலத்துக்கு இடைவெளி விழும். அலங்காரப் பட்டைக்கு அது போதும், தண்ணீரைத் தடுக்க வேண்டிய இடத்துக்குப் போதாது.

கேரவனில் இந்தப் பட்டைக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. சுவரும் கூரையும் சேரும் மூலைகளில் அலுமினியச் சட்டம் ஓடும். அதை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, அந்த ஸ்க்ரூத் தலைகளை மூடத்தான் பட்டை. பட்டை சுருங்கினால் ஒவ்வொரு ஸ்க்ரூத் துளையும் மழைக்குத் திறந்த வாய். சட்டத்துக்கு அடியில் உள்ள பியூட்டைல் பசை காய்ந்து போயிருந்தால் தண்ணீர் நேராக உள்ளே போகும். அங்கே மரச் சட்டமோ பிளைவுட்டோ இருந்தால் வெளியே தெரியாமல் உளுத்துவிடும். பிரிட்டனில் பழைய கேரவன் வாங்குகிறவர்கள் ஈரமானி வைத்துச் சுவரைச் சோதிப்பார்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இங்கே கேரவன் வாடகைக்கு விடப்போகும் ஒவ்வொருவரும் அந்தக் கருவியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கூரை ஏ.சி.யின் அடியில் உள்ள நுரை ரப்பரையும் மறக்கக் கூடாது. போல்ட்டை முடுக்கும்போது அது பாதிக் கனத்துக்கு நசுங்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் நீர் கசியும், முழுக்க நசுக்கிவிட்டால் மறுபடி எழும்பாது. வண்டியின் அதிர்வில் போல்ட் தளரும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை கை வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

ஒழுகினால் உடனே சிலிகான் டியூபை வாங்கிப் பூசும் பழக்கத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செத்த ரப்பர் மேல் பூசிய சிலிகான் ஒரு மழைக்குத் தாங்கலாம். அதற்குள் உள்ளே புகுந்த நீருக்கு வெளியே போக வழி இல்லாமல், தகரத்தோடு ஒட்டியே நிற்கும். வடிதுளை மேல் பூசிவிட்டால் கேட்கவே வேண்டாம். புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். வெற்று இரும்புக்கு அது துருவை வரவழைக்கும். பின்னால் பெயிண்ட் அடிக்கலாம் என்றால் சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. பசை வேண்டிய இடங்கள் உண்டு. இன்றைய வண்டிகள் பலவற்றின் முன்கண்ணாடி ரப்பர் இல்லாமல் பாலியூரித்தேன் பசையாலேயே நிற்கிறது. அது திட்டமிட்டுச் செய்தது. ஒழுகலை மூடிப் பூசுவது வேறு.

ஒழுகும் இடத்தைத் தேடவும் ஒரு முறை உண்டு. தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கூரையில் நுழைந்த நீர் சட்டத்தின் வழியே ஓடி, நாலு அடி தள்ளி ஜன்னல் மேல் சொட்டும். உடனே ஜன்னல் ரப்பரை மாற்றுவார்கள், ஒழுகல் நிற்காது. ஹோஸ் பைப்பைக் கூரையில் பிடிக்காமல் கீழிருந்து தொடங்க வேண்டும். கதவடி, ஜன்னலின் அடி, பக்கம், மேல்விளிம்பு, கடைசியில் கூரை என்று ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நீர் விட, உள்ளே ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த உயரத்தில் நீர் விடும்போது உள்ளே முதல் சொட்டு வருகிறதோ, அங்கேதான் ஓட்டை.

இந்த வேலையை முறையாகச் சொல்லிக் கொடுக்க இடம் வேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பையனுக்கு எஞ்சினையும் பிரேக்கையும் கற்றுக்கொடுக்கிறோம். கண்ணாடி மாட்டும் வேலையைப் பட்டறையில் யாராவது பெரியவர் கையைப் பார்த்துத்தான் அவன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பெரியவர்களுக்குக் கைப்பக்குவம் இருக்கிறது, ஆனால் இ.பி.டி.எம்.முக்கும் பி.வி.சி.க்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு வாரப் பயிற்சியில் இரண்டையும் சேர்த்துவிடலாம். பள்ளி வாகனங்களை ஆண்டுதோறும் மே மாதத்தில் அதிகாரிகள் வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். அவசர வழிக் கதவு திறக்கிறதா என்று பார்க்கும் அதே நேரத்தில் அந்தக் கதவின் ரப்பரையும் காகிதம் வைத்துப் பார்த்துவிட முடியும்.

காலக்கணக்கும் நம் பக்கம் இருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் ரப்பர் இளகி இருக்கும், மூலைகளில் மடிப்பு விழாமல் வளையும். புது ரப்பரை அரை மணி நேரம் வெயிலில் போட்டு எடுத்தால் இன்னும் சுலபம். வைகாசிக்குள் மாற்றிவிட்டால் ஆடிக்குள் நன்றாகப் படிந்துவிடும். ஆடியில் ஒருமுறை ஹோஸ் பிடித்துப் பார்த்தால், குறை இருந்தாலும் சரிசெய்ய ஐப்பசி வரைக்கும் நாள் இருக்கும். ஐப்பசி பிறந்த பிறகு பட்டறைக்கு வருகிறவருக்கு ஈரத் தகரத்தில்தான் வேலை நடக்கும். ஈரத்தின் மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது, அந்த விளிம்பை அடுத்த ஆண்டு மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.